சீர்வரிசையில் போன தீயணைப்புக் கருவி

போன வாரம் எங்கள் பழைய மியூசியத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். புதிதாக வந்திருக்கும் அதிகாரி. காட்சிப் பொருட்களுக்குக் கீழே இருக்கிற அட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு, கைப்பேசியைக் காட்டினால் அதுவே விளக்கம் சொல்கிற மாதிரி கட்டம் கட்டமாக ஏதோ ஒட்டப்போகிறார்களாம். நான் இத்தனை காலம் தொண்டை வறளப் பேசியதை எல்லாம் இனிமேல் ஒரு ரெக்கார்டு செய்த குரல் பேசும். பேசட்டும், அதற்குச் சளியும் பிடிக்காது, சம்பள உயர்வும் கேட்காது என்றேன்.

அவர் கூப்பிட்டது அதற்கில்லை. நடுக்கூடத்துத் தூணில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்புக் கருவிக்குக் கீழே, ‘அன்பளிப்பு: மெய்யம்மை ஆச்சி குடும்பத்தார்’ என்று ஓர் அட்டை இருக்கிறதே, அது யாரோ செய்த குறும்பா, கழற்றிவிடலாமா என்று கேட்டார். கழற்றாதீங்க தம்பி என்று அவசரமாகச் சொன்னேன். ஏன் என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களும் படிக்கக்கூடும் என்பதால் ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. திருமயத்துக்குப் பக்கம் என்பது போதும்.

மியூசியம் இருக்கிற அந்த வீட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்கட்டில் நின்று கூப்பிட்டால் அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது. பர்மாவில் வியாபாரம் செய்த ஒரு நகரத்தார் குடும்பம் கட்டியது. பேரன் பேத்திகள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட, வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள், குடியிருக்க ஆள் இல்லை. எல்லாரும் கூடிப் பேசி மியூசியமாக்கிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். வருஷா வருஷம் முன்னோருக்குப் படைப்பதும், பங்காளி வீட்டுக் கல்யாணங்களும் இந்த வீட்டில்தான் நடக்கும். மற்ற மியூசியங்களில் சுற்றிப் பார்க்கத்தான் ஆள் வருவார்கள். எங்கள் மியூசியத்துக்கு அவ்வப்போது சமையல்காரரும் நாதஸ்வரமும் வரும்.

எனக்கு ஊர் ஆலங்குடிப் பக்கம். வீட்டுக்காரர் வளைகுடாவில். கடலைக்கொல்லையும் மாமியாரும் போதும் போதும் என்றிருந்த சமயத்தில் இந்த வேலை கிடைத்தது. ரெண்டு பஸ் மாறி வருவேன். முதலில் டிக்கெட் கொடுத்தேன், பிறகு கைடு ஆனேன். பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. வந்தவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கற்றுக்கொள்வதற்குள் நடுமுற்றத்தில் பலமுறை விழுந்து எழுந்துவிட்டேன். அதையும் வீட்டின் கட்டடக்கலைச் சிறப்பை விளக்குவதாக நினைத்துச் சிலர் குனிந்து போட்டோ எடுத்தார்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் சுந்தரேசன் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். தரையில் கீறல் விழும் என்று சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு நடப்பார், எங்களையும் அப்படியே நடக்கவைத்தார். எந்தப் பாத்திரத்தையும் கழுத்தையோ காதையோ பிடித்துத் தூக்கக் கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை இடுப்பில். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட எடுக்கிற மாதிரி. தூசியை ஆட்டுமயிர் பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம், பித்தளை மேல் புளி படக் கூடாது. பாத்திரத்தின் மேல் படிந்திருக்கும் அந்த மங்கல்தான் அதன் வயசு, புளி போட்டுத் தேய்த்தால் வயசு சாக்கடையில் போய்விடும் என்பார். மதியம் புளிச்சாதம் கொண்டுவந்தால்கூட வாசலுக்கு வெளியே போய்ச் சாப்பிட வேண்டும்.

கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும். சாருக்கு இறங்கும். லேசான கோபம் என்றால் காதோடு காதாகப் பேசுவார். நல்ல கோபம் என்றால் காற்று மட்டும் வரும். உச்சக் கோபத்தில் உதடு அசையும், சத்தமே இருக்காது. நாங்களாக யூகித்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். பங்காளிகளில் ஒருவர் சொக்கலிங்கம் அண்ணன். சென்னையில் பெயின்ட் கடை வைத்திருந்தார், அது நொடித்துப்போய், அப்போது வேறொருவர் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே பெண் உமையாள். நல்ல இடம் அமைந்துவிட்டது. பக்கத்து ஊர்க் குடும்பம், வசதியான கை. மாப்பிள்ளையின் அம்மாதான் மெய்யம்மை ஆச்சி. ஆள் கொஞ்சம் கனம், குரலும் கனம், பார்வை அதைவிட.

அவர்கள் கல்யாணத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானை எல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். அண்டா முதல் அஞ்சறைப்பெட்டி வரைக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவார்கள். பிறகு அது லாரியில் ஏறிப் பெண்ணோடு போகும். சொக்கலிங்கம் அண்ணன் கொண்டுவந்தது கொஞ்சம்தான். எவர்சில்வர் பாத்திரங்கள், ஒரு குக்கர், மிக்ஸி, சின்னதாக ஒரு வெள்ளி விளக்கு. நடுக்கூடத்தின் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று சாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். மீதிக் கூடம் முழுக்க எங்கள் காட்சிப் பொருட்கள். நடுவில் சிவப்பு வெல்வெட் கயிறு கட்டி, இங்கிட்டு உங்களது, அங்கிட்டு எங்களது என்று சார் எல்லை பிரித்துக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று காலையில் வந்த அலங்காரக்காரர், மாப்பிள்ளை நடந்து வருகிற வழிக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று அந்த வெல்வெட் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூடத்துக்குள் நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பித்தளைத் தவலைகள், வெண்கலப் பானைகள், சீனத்து ஜாடிகள், எனாமல் அடுக்குகள், பெல்ஜியம் கண்ணாடி, கையால் சுற்றுகிற ஐஸ்கிரீம் வாளி. ஒவ்வொன்றுக்கும் கீழே அழகாக அச்சடித்த அட்டை. பாத்திரங்களில் பழைய பெயர்வெட்டு இருந்ததால், பரம்பரைச் சாமானைத் துலக்காமல் அப்படியே கொடுக்கிறார்கள் என்று ஓர் அம்மா வியந்தார். சென்னையில் இப்போதெல்லாம் இப்படித்தான் பேர் எழுதி வைக்கிறார்கள் என்று இன்னொருவர் அட்டைக்கு விளக்கம் சொன்னார். மெய்யம்மை ஆச்சியின் நாத்தனார், அந்த அம்மாவுக்குச் செய்தி வாசிப்பது போலக் குரல், பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி அறிவித்தார்.

“சம்பந்தி ஒண்ணுமில்லாதவருன்னு யாருடி சொன்னது? இங்க வந்து பாருங்கடி.”

கொஞ்சம் தள்ளித்தான் சொக்கலிங்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அது எங்களது இல்லை என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு பெரியவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், இன்னொருவர் தோளில் தட்டினார். கடை போனதிலிருந்து அந்த மனிதரை யாரும் தோளில் தட்டியிருக்க மாட்டார்கள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அட்டை எதுவும் தேவைப்படவில்லை. போகட்டும், கண்ணால் பார்த்தால் தேய்ந்தா போய்விடும் என்று நான் இரண்டாம் கட்டுக்குப் போய்விட்டேன். அங்கே கல்யாண வீட்டுக் குழந்தைகள் எல்லாம் பல்லக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டோம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சார் அந்த நேரம் பந்தியில் இருந்தார். செட்டிநாட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் நினைத்த நேரத்தில் எழுந்துவிட முடியாது. போதும் என்று கையை நீட்டினால் அந்தக் கையிலேயே ஒரு வடையை வைத்துவிடுவார்கள். அவர் பாயசத்தை முடித்து, வெற்றிலை போட்டு, சாக்ஸோடு நடுக்கூடத்துக்கு வந்தபோது கூடம் காலி. பெண்ணும் மாப்பிள்ளையும் நல்ல நேரத்தில் கிளம்பிப் போய்விட்டார்கள். பின்னாலேயே லாரியும் போய்விட்டது. தவலை இல்லை, ஜாடி இல்லை, ‘தொடாதீர்கள்’ என்று எழுதி வைத்திருந்த பலகைகூட இல்லை. தூணில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியும் இல்லை.

சாரின் உதடு அசைந்தது. வெகுநேரம் அசைந்தது.

சொக்கலிங்கம் அண்ணன் மாலை வாடாத கழுத்தோடு வந்து எதிரில் நின்றார். அவர் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அழவில்லை.

“சார், எம் பொண்ணு இன்னிக்குத்தான் அந்த வீட்டு வாசப்படி ஏறியிருக்கா. சாமானத் திருப்பித் தாங்கன்னு போய் நின்னா நான் பொய்யனாயிருவேன். அதுகூடப் பரவாயில்லீங்க. பொய்யனோட மகளுன்னு காலத்துக்கும் அவளச் சொல்லுவாங்க. ரெண்டு மூணு நாளு பொறுங்க, எதையாச்சும் பண்ணி வாங்கித் தாரேன்.”

எதைப் பண்ணுவார்? அவருக்கே தெரியாது. இந்தப் பக்கம் எங்கள் நிலைமையும் அந்தரத்தில்தான் இருந்தது. வார முடிவில் பங்காளிகள் எல்லாரும் மியூசியத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. கூடம் காலியாக இருந்தால் சாருக்கும் எனக்கும் வேலை போய்விடும். அதைத் தடுக்கச் சாமானைக் கேட்டு வாங்கினால் அந்தப் பெண் போன இடத்தில் தலை நிமிர முடியாது. இரண்டில் எது என்று சார் அன்று சாப்பிட்ட வடை செரிக்கிற வரைக்கும் யோசித்தார்.

மறுநாள் காலையில் பெங்களூரிலிருந்து ஒரு கூட்டம் முன்பதிவு செய்து வந்துவிட்டது. திருப்பி அனுப்ப முடியாது. நான் பின்பக்கமாக நடந்துகொண்டே வெறும் மேடைகளைக் காட்டி, இது பத்துக் குடும்பத்துக்கு வெந்நீர் வைத்த தவலை, இது ஊறுகாய் ஜாடி, இதன் வளைவைக் கவனியுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். வேறு என்ன செய்வது? அவர்களும் காற்றின் வளைவைக் கவனித்தார்கள். தாடி வைத்த ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர்கள் விட்டுப்போன வெறுமையையே காட்சியாக வைத்த மியூசியத்தை அவர் இதுவரை பார்த்ததில்லையாம். சாரின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனார். சாருக்குக் காற்று மட்டும் வந்தது.

அன்று மத்தியானமே சாரும் நானும் பஸ் ஏறி மாப்பிள்ளை ஊருக்குப் போனோம். மெதுவாக, பதமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பெண் வீட்டு மனிதர்கள் என்று ஆச்சி எங்களை வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். உள்ளே போனால் அவர்கள் ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காக எங்கள் மியூசியம் அப்படியே அங்கே விரிந்திருந்தது. அட்டைகளும் இடம் மாறாமல் இருந்தன. ஆனால் பித்தளை எல்லாம் கண்ணைப் பறித்தது. யாரோ கைவலிக்கப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

சார் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். பஸ் அலுப்பு என்று நினைத்து ஆச்சி கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் கொண்டுவரச் சொன்னார். துக்கத்திலும் சார் நன்றாகத்தான் சாப்பிட்டார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட, ஆச்சி ஒவ்வொரு சாமானாகக் காட்டி விளக்க ஆரம்பித்தார். ஐஸ்கிரீம் வாளியைக் காட்டி, இது குழந்தையைக் குளிப்பாட்டுவது என்றார்.

சாரால் எதையும் தாங்க முடியும், தப்பான விளக்கத்தை மட்டும் தாங்க முடியாது. வாயில் பணியாரத்தோடு எழுந்தார். இல்லீங்க ஆச்சி, அது அப்படி இல்லை என்று தொடங்கினார். பிறகு அடுத்ததற்குப் போனார். அதற்கும் அடுத்ததற்குப் போனார். பின்பக்கமாக நடந்தபடி அந்தக் கூடம் முழுவதையும் சுற்றிக் காட்டி முடித்தார். பதமாகப் பேச வந்த விஷயம் அவருக்கு அடியோடு மறந்துபோயிற்று.

நான் தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். உமையாள் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் வாசனை, முகத்தில் தூக்கமே இல்லை.

“லாரியிலேர்ந்து எறக்குனப்பவே எனக்குத் தெரியுங்கக்கா. அப்பச்சி ஒண்ணும் சொல்லலையேன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். நீங்க கேட்டு வாங்கிட்டுப் போயிராதீங்க. கேட்டா அப்பச்சிக்குத்தான் அவமானம். இவங்களா குடுக்கிற மாதிரி நான் பாத்துக்கிறேன்.”

அப்பனைக் காப்பாற்ற அவளும், அவளைக் காப்பாற்ற அப்பனும் ஆளுக்கொரு ஊரில் வாயை மூடிக்கொண்டு நின்றதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போனாள். எல்லார் முன்னாலும் சாரைப் பார்த்துக் கேட்டாள். இந்த மாதிரிப் பழைய சாமானை மியூசியத்துக்குக் கொடுத்தால், கொடுத்தவர்கள் பெயரைப் போடுவீர்களா?

சார் அவள் குறிப்பைப் புரிந்துகொள்ளாமல், இவை ஏற்கெனவே என்று ஆரம்பித்தார். நான் அவர் சாக்ஸை அழுத்தி மிதித்தேன். போடுவோம், பெரிய எழுத்தில் போடுவோம் என்று நானே சொன்னேன்.

ஆச்சி மருமகளைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பிறகு எங்கள் தீயணைப்புக் கருவியைக் காட்டி, “அந்தச் செகப்பு டப்பாவுலயும் போடணும்” என்றார்.

பங்காளிகள் பார்வையிட வந்த அன்று காலையில் லாரி வந்தது. முன்னால் மேளம், பின்னால் ஆச்சியின் உறவினர் கூட்டம். ஒவ்வொரு சாமானாக ஆச்சி எடுத்துக் கொடுக்க, ஒரு கை அடியில், ஒரு கை இடுப்பில் வைத்து சார் வாங்கிக்கொண்டார். மாலை போட்டார், நன்றி சொன்னார். தன் வீட்டுத் திருட்டுப்போன பசு திரும்பி வந்ததற்கு, ஓட்டிக்கொண்டு வந்தவருக்குக் கோதானப் புண்ணியம் என்று வாழ்த்திய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். கடைசியில் தீயணைப்புக் கருவியை வாங்கியபோது, அதைப் பற்றி என்ன பேசுவது என்று தெரியாமல், பாதுகாப்பே பண்பாடு என்றார். பலத்த கைதட்டல். எப்போதாவது வந்து போகிற பங்காளிகளுக்கு, துலக்கிப் பளபளத்த சாமான் தங்கள் கூடத்திலேயே இருந்ததுதான் என்று அடையாளம் தெரியவில்லை, மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு நல்ல நன்கொடையைத் தேடிப் பிடித்ததற்காகச் சாருக்குச் சால்வை போர்த்தினார்கள். பித்தளை இப்போதுதான் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று வேறு சொன்னார்கள். சாரின் உதடு கொஞ்சம் அசைந்தது.

சொக்கலிங்கம் அண்ணன் கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சி அவரை முன்னால் கூப்பிட்டு நிற்கவைத்து, எல்லாம் சம்பந்தி கொடுத்தது, நாங்கள் ஊருக்குக் கொடுக்கிறோம் என்று மைக்கில் சொன்னார். நானும் அன்று ஆச்சியை வெள்ளந்தி என்றுதான் நினைத்தேன்.

பல வருஷம் கழித்து நான் ஓய்வுபெற்ற நாளன்று ஆச்சி வந்திருந்தார். எல்லாரும் வடை சாப்பிடப் போன நேரத்தில், தூணுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மேலே நிமிர்ந்து அந்தக் கருவியைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏம்மா வசந்தா, எந்தப் பொண்ணு வீட்டுலயாச்சும் தீயணைக்கிற டப்பாவச் சீரா குடுப்பாங்களா?”

ஆச்சிக்குத் தெரியுமா என்றுதான் கேட்க முடிந்தது.

“மியூசியம்னு வாசல்ல எம்மாம் பெரிய போர்டு. எனக்கு வாசிக்கத் தெரியாதா? எங்க நாத்தனா வாய் இருக்கே, அது பந்தல் முழுக்கச் சொல்லிருச்சு. அப்புறம் பாதிச் சாமான விட்டுட்டுப் போனா, ஏன் விட்டுட்டுப் போறீங்கன்னு சபையில கேப்பாங்க. அந்த அண்ணன் எங்கிட்டுப் போய் நிப்பாரு? அதான் கண்ணுல பட்டதெல்லாம் ஏத்துன்னு லாரிக்காரன்ட்ட சொன்னேன். இந்த டப்பா ஒண்ண விட்டாலும் குட்டு வெளிப்பட்டுரும்ல.”

அப்படியென்றால் நாங்கள் வந்த அன்றே கொடுத்திருக்கலாமே என்றேன்.

“நீங்க நைசா கேப்பீங்க, நைசா குடுத்துரலாம்னுதான் காத்திருந்தேன். ஒங்க சாரு வந்தாரு, பணியாரம் தின்னாரு, எம் வீட்டுலயே எனக்குப் பாடம் நடத்திட்டு நின்னாரு. நல்லவேள எம் மருமக வாயத் தொறந்தா. இத அண்ணன் காதுல மட்டும் போட்றாத.”

போடவில்லை. அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் போடவில்லை. அவர் போன பிறகு, சொல்ல வேண்டிய கட்டாயம் வந்ததால்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று. கடைசியாகப் படைப்புக்கு வந்தபோது அண்ணன் உமையாளின் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் காட்டினார். நானும் வெறும் பார்வையாளராக ஓரத்தில் நின்றிருந்தேன். அது எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு. தூணுக்கு முன்னால் நின்று அட்டையைப் படித்துவிட்டு, அப்பத்தா எதுக்கு ஐயா இதைக் குடுத்தாங்க என்று கேட்டது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கருவியை மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்தார்.

“ஐயா வீட்டுல ஒரு நாளு தீப்புடிச்சுச்சுத்தா. ஒங்க அப்பத்தாதான் வந்து அணைச்சாங்க” என்றார்.

ஆகவே தம்பி, கருவி காலாவதி ஆகியிருக்கும், தாராளமாகப் புதிது வாங்கி மாட்டுங்கள். அட்டை மட்டும் அங்கேயே இருக்கட்டும்.